மயிலாப்பூரிலிருந்து திருவையாறு வரை: ஒன்பது நாளில் எங்கே, எப்படிக் கேட்பது

கிளம்புவதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட வேண்டும். திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாளில் வரும். ஆங்கிலத் தேதி அதனால் வருடா வருடம் மாறும். 2024-இல் ஜனவரி 30, 2025-இல் ஜனவரி 18, 2026-இல் ஜனவரி 7. சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரை ஜனவரியில் வருகிற வருடங்களில் இந்த இரண்டுக்கும் நடுவே நாலைந்து நாள்தான் இடைவெளி இருக்கும். திருவாதிரை டிசம்பரிலேயே வந்துவிட்டால் ஆராதனை ஒரு மாதம் தள்ளிப் போய்விடும். 2026 முதல் வகை: ஜனவரி 3 திருவாதிரை, 7 ஆராதனை. சென்னை சீசனின், அதாவது டிசம்பர் கச்சேரிக் காலத்தின், கடைசி நாட்களையும் முன்னால் சேர்த்துக்கொண்டால் சபா, கோயில், ஆற்றங்கரை மூன்றையும் ஒரே பயணத்தில் கேட்டுவிடலாம். இந்தக் குறிப்புகள் அந்த ஒன்பது நாளுக்கானவை.

யார் பாடுகிறார்கள் என்பதை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். ஒலி உங்கள் காதுக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதற்கும் அதே அளவு கவனம் கொடுங்கள். பெரிய அரங்கில் பெரிய பெயர் பாடும்போது பல சமயம் ஸ்பீக்கரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மரமும் தோலும் நேராகக் காதில் விழுகிற இடங்கள் வேறு.

டிசம்பர் 30, செவ்வாய். மயிலாப்பூர்

தங்குவதற்கு மயிலாப்பூரை விட்டால் ஆழ்வார்பேட்டை. தி.நகரில் ரூம் வாடகை குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் மிச்சம் பிடித்த காசு ஆட்டோவுக்குப் போய்விடும். பறக்கும் ரயிலில் வந்தால் திருமயிலை நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மெட்ரோ வேலை முடிகிறவரை லஸ் பக்கம் பாதை அடிக்கடி மாறும். இரண்டு சபாவுக்கு நடுவே கூகுள் காட்டும் நேரத்தோடு இருபது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கச்சேரி மேடையில் இல்லை, தெருவில். விடியும் முன்பே எழுந்து கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிக்குப் போங்கள். மார்கழி முழுக்க இங்கே பஜனை கோஷ்டி சுற்றி வரும். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் (1890–1973) பல வருடம் தாமே நடந்து பாடிய வழி இது. ஆறு மணிக்கு முன்னாலேயே நின்றுவிடுவது நல்லது. வாகனச் சத்தம் ஏறிவிட்டால் கஞ்சிராவும் ஜால்ராவும்தான் மிஞ்சும், சொற்கள் அமுங்கிவிடும். கோஷ்டிக்குப் பின்னால் போகாமல் பக்கவாட்டில் சேர்ந்து நடங்கள். ஒருவர் எடுத்துக் கொடுப்பதும் மற்றவர்கள் வாங்கிப் பாடுவதும் அப்போதுதான் தனித்தனியாகக் காதில் விழும்.

காலை எட்டு மணிக்கு மியூசிக் அகாடமி. டி.டி.கே. சாலையும் ராதாகிருஷ்ணன் சாலையும் சந்திக்கும் முனை. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டில் எழுந்த யோசனைதான் 1928-இல் அகாடமியாக ஆனது. சீசன் நாட்களில் இங்கே காலையில் விளக்க உரைகள் நடக்கும், டிக்கெட் வேண்டாம். ராகத்தின் பழைய வடிவம், பாடபேதம் (ஒரே பாட்டை வேறு வேறாகப் பாடும் வழக்கு), தாள நுணுக்கம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொருள். பாடியும் காட்டுவார்கள். மாலைக் கச்சேரியில் அந்த ராகம் வரும்போது காது தானாகக் கூர்மையாகும். கச்சேரிக்குப் புதியவர்கள் இந்த உரைகளைத் தங்களுக்கு எட்டாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எங்களைக் கேட்டால், அவர்கள்தான் முதலில் போய் உட்கார வேண்டும்.

பகல் கச்சேரிகளைத் தவறவிடாதீர்கள். பல சபாக்களில் அவை இலவசம். பாடுகிறவர்கள் இளையவர்கள், ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அந்த ஒன்றரை மணிக்காக வருடம் முழுக்க உழைத்துவிட்டு வந்திருப்பார்கள். அரங்கில் பாதி காலியாக இருக்கும், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், குளத்துப் பக்கம் ரசிக ரஞ்சனி சபா, லஸ்ஸில் ராகசுதா என்று மூன்றும் நடக்கிற தூரத்தில் இருப்பதால், ஒன்று மனசுக்கு ஒட்டாவிட்டால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

டிசம்பர் 31, புதன். எங்கே உட்கார்வது

கச்சேரி மேடையில் பாடகர் நடுவில். பார்க்கிற நமக்கு வலப்பக்கம் வயலின், இடப்பக்கம் மிருதங்கம். மிருதங்கத்தின் வலந்தலை (வலக்கை வாசிக்கும் பக்கம்) சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால் வந்த அமைப்பு இது. வலக்கைக்காரர் நமக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பாடகரைப் பார்த்துத் திரும்பினால் வலந்தலை நம்மை நோக்கும். இடக்கைக்காரராக இருந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்பு. அவருக்காக வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது, அதை வைத்தே அந்தக் காலத்தில் சச்சரவும் எழுந்தது.

ஆகவே தாளத்தில் மனசு இருப்பவர்கள் இடப்புற இருக்கைகளையும், வயலின் வில்லின் போக்கைப் பார்க்க விரும்புகிறவர்கள் வலப்புறத்தையும் பிடிக்கலாம். முதல் மூன்று வரிசை பெருமைக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஸ்பீக்கர் மேடையின் ஓரத்தில் தொங்கினால் அங்கே ஒரு பக்கக் காதில்தான் சத்தம் அடிக்கும். நடுவில் ஆறிலிருந்து பத்தாவது வரிசை, இல்லாவிட்டால் பால்கனியின் முன்வரிசை. பால்கனி டிக்கெட் விலையும் குறைவு. மாலைக் கச்சேரிகளில் சீசன் டிக்கெட்டுக்குப் போக மிச்சம்தான் அன்றாட டிக்கெட்டாக வரும் என்பதால் பெரிய பெயர்களுக்கு முன்பதிவு திறந்த அன்றே வாங்கிவிடுங்கள். வாசலில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பாதி நாள் வரிசையில் கழியும்.

கச்சேரி தொடங்கக் கால் மணி நேரம் முன்பே உள்ளே போய் மிருதங்கக்காரரின் கையைக் கவனியுங்கள். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின், அதாவது இடது தலையின், நடுவில் வட்டமாக அப்புவார். அதன் கனமான ஒலி அந்தப் பசையில்தான் இருக்கிறது. பிறகு வலந்தலை. ஒரு சின்னக் கல், ஒரு மரப்புள் (சின்ன மரக்கட்டை). தம்பூராவின் ஷட்ஜத்தோடு (‘ஸ’) சேருகிறவரை விளிம்புப் பின்னலை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஏ.சி. அரங்கில் இரண்டு விஷயம் கெடும். ஈரம் வற்றுவதால் தோல் இறுகிச் சுருதி மெல்ல மேலே போகும். ரவை காய்ந்து உதிர ஆரம்பித்தால் தொப்பி வெறும் தட்டுச் சத்தமாகிவிடும். இரண்டு பாட்டுக்கு நடுவே அவர் விரலை நனைத்து ரவையைத் தடவுவது இதனால்தான். அந்த அரை நிமிடத்தில் செல்போனை எடுக்காமல் பொறுத்திருங்கள், அடுத்த பாட்டில் அடிநாதம் திரும்பி வரும்.

இரண்டரை மணி நேரக் கச்சேரியின் கட்டுக்கோப்பு தெரிந்தால் எப்போது எழுந்திருக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். வர்ணம், இரண்டு மூன்று கீர்த்தனை, பிறகு விரிவான ஆலாபனையோடு (சொல் இல்லாமல் ராகத்தை விரிப்பது) முக்கியப் பாட்டான பிரதானம், அதைத் தொடர்ந்து மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் எனும் சின்னப் பாட்டுகள், மங்களம். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய பத்ததி. பிரதானம் பெரும்பாலும் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு மேல்தான் தொடங்கும். தாமதமாக வந்தாலும் அதற்குள் வந்துவிட்டால் கச்சேரியின் முக்கியப் பகுதி கையில்தான்.

தனி தொடங்கியதும் பாதிச் சபை எழுந்து கேன்டீனுக்குப் போகும். அந்த நேரம் கேன்டீனில்தான் அதிகக் கூட்டம், காபி வாங்குவதற்குள் தனி முடிந்துவிடும். அது மட்டுமில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பாட்டுக்கு அடங்கி வாசித்தவருக்குத் தன் கையைக் காட்டக் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் அது. அந்த நேரத்தில் முதுகைக் காட்டுவது மேடையில் இருப்பவருக்கு வலிக்கும். உட்கார்ந்து தொடையில் சத்தமில்லாமல் ஆதி தாளம் போடுங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு எண்ணிக்கை. தனியை முடிக்கும் சொற்கட்டான கோர்வை மூன்று முறை வந்து பாட்டின் எடுப்பில் (பாட்டு தொடங்கும் இடத்தில்) விழும்போது உங்கள் கையும் அதே இடத்தில் இருந்தால், அன்றைய கச்சேரியில் நீங்களும் ஒரு பங்காளி. கேன்டீனுக்குப் போக நல்ல நேரம் கச்சேரி தொடங்க முக்கால் மணி முன்னால். கீரை வடை சூடாக இருக்கும்.

போர்வை ஒன்று, குறைந்தது மேல்துண்டு, கையில் இருக்கட்டும். சபா ஏ.சி. கடுமையானது.

ஜனவரி 1, வியாழன். பாரிமுனை, பிறகு இரவுப் பேருந்து

அகாடமியில் வழக்கமாக இன்று சதஸ். சங்கீத கலாநிதி விருது வழங்கும் நாள். விருது நிகழ்ச்சியில் ஆர்வம் இல்லாதவர்கள் சாவகாசமாக வேறு சபா பார்க்கலாம்.

சீசன் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம் பாரிமுனையின் ராஜா அண்ணாமலை மன்றம். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் வீடு இது. டிசம்பர் கடைசியில் இங்கே இசை விழா நடக்கும். பாட்டெல்லாம் தமிழ். நிகழ்ச்சி நிரலில் ஓதுவார்களின் திருமுறை இசையும் பண் ஆராய்ச்சியும் வரும். விழா முடியும் தேதியைப் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் இந்த வருகையை ஒரு நாள் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள். தேவாரப் பண்ணையும் (பழந்தமிழ் ராகம்) அதன் இன்றைய ராகத்தையும் இணைத்துக் கேட்டுப் பழக வேறு எங்கும் இவ்வளவு வசதி இல்லை. புறநீர்மை என்றால் பூபாளம், காந்தாரம் என்றால் நவரோஜ். இந்தக் கடைசி இணையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரி 7 மாலையில் தேவைப்படும்.

இரவே சிதம்பரத்துக்குக் கிளம்ப வேண்டும். காலையில் சென்னையிலிருந்து புறப்படும் சோழன் எக்ஸ்பிரஸ் சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று இந்தப் பயணத்தின் எல்லா ஊரையும் ஒரே தண்டவாளத்தில் கோத்துவிடுகிறது. ஆனால் அதில் வந்தால் தேர் கிளம்பும் நேரத்தைப் பிடிக்க முடியாது. கிளாம்பாக்கத்திலிருந்து இரவுப் பேருந்துதான் வழி, ஐந்திலிருந்து ஆறு மணி நேரம். புத்தாண்டு விடுமுறைக் கூட்டத்தைக் கணக்கில் வைத்து இருக்கையை முன்னதாகப் பதிவு செய்யுங்கள். திருவாதிரையின் இரண்டு நாளும் கோயிலைச் சுற்றி ரூம் கிடைப்பது கஷ்டம். ரயில் நிலையத்துப் பக்கம் தேடுங்கள்.

ஜனவரி 2, வெள்ளி. சிதம்பரம், தேர்

நேற்றுவரை கேட்டது உட்கார்ந்து கேட்கிற சங்கீதம். இன்று நாகஸ்வரம். திறந்த வெளிக்காகவே பிறந்த வாத்தியம் அது. மண்டபத்துக்குள் மைக் வைத்து வாசித்துக் கேட்டவர்கள் அதை இன்னும் கேட்கவில்லை என்றே சொல்வோம்.

சிதம்பரத்தில் மூலவரான நடராஜரே வருடத்தில் இரண்டு முறை, ஆனியிலும் மார்கழியிலும், தேரேறி வீதிக்கு வருகிறார். ஐந்து தேர்கள்: விநாயகர், முருகன், நடராஜர், சிவகாமி, சண்டிகேசுவரர். கீழ வீதியில் கிளம்பி நான்கு வீதியும் சுற்றி மாலைக்குள் நிலைக்கு வரும். வீதிகளுக்குள் ஆட்டோ வராது. பையை ரூமில் போட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு மட்டும் வாருங்கள்.

சுவாமி புறப்படும் நேரத்தில் முதலில் தவில் பேசும். அதன்பின் நாகஸ்வரத்தில் மல்லாரி. கம்பீர நாட்டையில் அமைந்தது, சாகித்தியம் கிடையாது, லயத்தின் மேல் எழுப்பிய கட்டடம். ஒரே உருப்படியைக் காலம் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். கீழ்க்காலத்தில் ஆரம்பித்து இரட்டிப்பாகும்போது கூட்டத்தின் காலடியும் மாறுவதைப் பார்க்கலாம். தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி, தேர் மல்லாரி என்று காரியத்துக்குத் தகுந்த வகைகள் உண்டு. மல்லாரி சுவாமி அசையும் நேரத்துக்கு உரியது. அரை மணி தாமதமானால் இன்னொரு புறப்பாடு வரை காத்திருக்க வேண்டும்.

நிற்கும் இடம் இங்கே சபாவைவிட முக்கியம். தவிலின் வலப்பக்கத்தில் விரல்களுக்குக் கூடு மாட்டி வாசிக்கிறார்கள், இடப்பக்கத்தில் பூவரசங்கழி. இரண்டு தவிலுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் நாகஸ்வரமே கேட்காது, காது அன்று முழுக்க ரீங்கரிக்கும். குழலின் அடியில் விரிந்த பகுதிக்கு அணசு என்று பெயர். அணசு எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தப் பக்கமாக இருபதடி தள்ளி நில்லுங்கள். தவில் அடக்கமாகவும் குழல் முழுசாகவும் வரும். வீதி நீளத்தில் தேர் ஓடும்போது ஆரவாரமும் வெடியும் எல்லாவற்றையும் அமுக்கும். முக்கில்தான் கேட்கக் கிடைக்கும். முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்ப நேரமாகும், அந்த நேரத்தில் மேளக்காரர்களுக்கு நிதானமாக ஒரு ராகத்தை விரிக்க இடம் கிடைக்கும். கீழ வீதியில் கிளம்பியதைப் பார்த்துவிட்டு, தேருக்கு முன்னால் நடந்து தெற்கு வீதி முக்கில் ஒரு திண்ணையைப் பிடித்துக்கொள்வது நல்ல உத்தி.

வாசித்து முடித்ததும் பாராட்டிச் சொல்லுங்கள், முடிந்ததைக் கையில் கொடுங்கள். சின்னக் கோயில்கள் பலவற்றில் பூஜை நேரத்துக்கு மின்சார மேளத்தை மாட்டிவிட்டார்கள். சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் ஒரே தாளத்தில் கடகடவென்று அடிக்கும் இயந்திரம் அது. அந்த இயந்திரம் வந்த இடத்தில் ஒரு குடும்பத்தின் தலைமுறை வாசிப்பு நின்றுபோகிறது. பயணிகள் கேட்க வருகிறார்கள் என்று தெரிந்தால் கோயில் நிர்வாகமும் கொஞ்சம் யோசிக்கும்.

ஜனவரி 3, சனி. சிதம்பரம், தரிசனம்

விடியும் முன் ஆயிரங்கால் மண்டபத்தில் மகாபிஷேகம், பிற்பகலில் தரிசனம். கூட்டம் நெருக்கும். சங்கீதத்துக்காக மட்டும் வந்தவர்கள் நெரிசலில் நிற்க வேண்டியதில்லை. கோபுர வாசலுக்கு உள்ளே, குளத்தங்கரைப் பக்கம் நின்றாலே மேளம் கல் சுவரில் பட்டுத் திரும்பி வருவது கேட்கும். வீதியில் நேற்றுக் கேட்ட அதே வாத்தியம் பிராகாரத்துக்குள் கனத்து ஒலிப்பதைக் கவனியுங்கள். மாலையில் மயிலாடுதுறைக்கோ கும்பகோணத்துக்கோ ரயில்.

ஜனவரி 4, ஞாயிறு. நரசிங்கம்பேட்டை

(இன்று சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குழந்தைகள் மைக் இல்லாமல் கச்சேரி செய்வார்கள். மரத்தடியில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.)

மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் உள்ள சின்ன ஊர் நரசிங்கம்பேட்டை. பாசஞ்சர் ரயில் நிற்கும். பேருந்து என்றால் ஆடுதுறையில் இறங்கியும் வரலாம். நாகஸ்வரம் செய்கிற ஊர். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்து உத்திரமும் தூணும்தான் மூலப்பொருள். பச்சை மரத்தில் செய்தால் ஈரம் வற்ற வற்றத் துளை கோணிச் சுருதி விலகும். பல பத்தாண்டுகள் வீட்டைத் தாங்கிய மரம் இனி அசையாது.

முன்காலத்தில் புழக்கத்தில் இருந்தது திமிரி. குட்டை, சுருதி அதிகம். இன்று எல்லோர் கையிலும் இருப்பது பாரி. நீளம், சுருதி இறக்கம். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக 1955-இல் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த பாரியில்தான் சுத்த மத்திமம் (‘ம’ ஸ்வரத்தின் கீழ் வகை) சிரமமில்லாமல் சுத்தமாகப் பேசியது. ஏழு துளை விரலுக்கு. கீழே இன்னும் ஐந்து துளைகள் இருக்கும். அவற்றில் மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிப்படுத்துவார்கள். மேலே வாய் வைத்து ஊதுகிற சீவாளி, நாணல் தட்டையில் செய்தது. குழலில் எப்போதும் நாலைந்து உபரிச் சீவாளிகள் கயிற்றில் தொங்குவது அலங்காரத்துக்கு இல்லை. பனிக்காலைகளில் ஒன்று பேசாது, இன்னொன்று பிளக்கும். வாசிப்பவர் வாயில் வைத்து எச்சிலில் ஊறவிட்டு, இரண்டு ஊது ஊதிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

பட்டறைக்குப் போவதென்றால் காலையில் போங்கள், வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். குழல் முடிந்ததும் ஊதிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு ஷட்ஜம், அதன்பின் பஞ்சமம், மேல் ஷட்ஜம். இந்தப் பயணத்திலேயே மிகச் சின்ன நேரடி இசை இது. கடைசல் தூள் மிதக்கும் அறையில் மூன்றே மூன்று ஸ்வரம்.

மாலையில் பக்கத்தில் உள்ள திருவிடைமருதூர் கோயிலுக்குப் போய்ச் சாயரட்சைக்கு (மாலைப் பூஜை) நின்றுவிட்டு, இரவு தஞ்சாவூர். காலையில் பூபாளம், பௌளி, பள்ளியறையில் நீலாம்பரி என்று கோயிலுக்கு வேளை ராகங்கள் உண்டு. இரவுக் கடைசிப் பூஜையான அர்த்தஜாமத்துக்கு மேளம் இருக்கிறதா என்று மெய்க்காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் கடைசி ரயிலை விட்டாலும் பரவாயில்லை, அந்த நீலாம்பரியைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஜனவரி 5, 6. தஞ்சாவூரில் தங்கி, திருவையாற்றில் கேட்பது

திருவையாற்றில் தங்கும் இடம் குறைவு. தஞ்சாவூரில் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். திரும்பும் ரயில் டிக்கெட்டும் அப்படித்தான், முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. தஞ்சையிலிருந்து திருவையாறு பதிமூன்று கிலோமீட்டர் சுமார். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. பாலங்களை எண்ணிக்கொண்டே வந்தால் ஊர்ப் பெயருக்கு அர்த்தம் கிடைத்துவிடும்.

பகலில் தஞ்சாவூர் வீணை செய்யும் பட்டறைகளைப் பார்க்கலாம். பலா மரம், 24 மெட்டு (ஸ்வரக் கட்டை), தேன்மெழுகில் கரி சேர்த்த மெழுகுப் பாதை.

ஆராதனைக்கு முந்தைய நாட்களில் காலையிலிருந்து இரவு வரை தொடர்ந்து கச்சேரி, அனுமதி இலவசம். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம்போல்தான். சென்னையின் இரண்டரை மணி நேரக் கணக்கோடு வருகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். சுருதி சேர்ப்பதற்கே நேரம் போதாது, ஆலாபனை தளிர் விடும்போது மணி அடிக்கும். ஆனால் ஒரே இரவில் பத்துப் பன்னிரண்டு குழுக்கள். வீணை, ஹரிகதை, நாகஸ்வரம், முதல்முறை மேடையேறும் மாணவர்கள், எல்லாம் கலந்து வரும். நேரம் பிந்தும், வரிசை மாறும். ஒரு பெயருக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்பதைவிட, ஆறிலிருந்து பத்து வரை பந்தலில் உட்கார்ந்துவிடுவதே மேல்.

தரை மணல், மேலே விரிப்பு. காவிரிக் காற்று ஒன்பது மணிக்கு மேல் ஈரமாக அடிக்கும். அகாடமிக்கு நேர் எதிராக, இங்கே தோல் தளர்ந்து மிருதங்கம் சுருதி இறங்கும். கல்லைத் தேடிக் கை போவதை அடிக்கடி பார்ப்பீர்கள். ஸ்பீக்கர் வெளியே தெரு வரை கட்டியிருப்பார்கள், சத்தம் அதிகம். மேடைக்கு முன் பத்துப் பதினைந்தடியில் நடுவே இடம் கிடைத்தால்தான் மேடை ஒலியும் கலந்து வரும்.

ஜனவரி 7, புதன். பகுள பஞ்சமி

தஞ்சாவூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து ஆறு மணிக்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள். பிறகு வந்தால் பாலத்துக்கு முன்பே இறக்கி நடக்கவிடுவார்கள். முதலில் போக வேண்டியது சமாதிக்கு இல்லை, திருமஞ்சன வீதிக்கு. தியாகராஜர் வாழ்ந்த இடம் அங்கேதான். அங்கிருந்து உஞ்சவிருத்தி பஜனை (பாடியபடியே அரிசி யாசிப்பது) கிளம்பிச் சமாதிக்கு வரும். அதோடு நடந்து வந்தால் பந்தலுக்குள் நுழையும் நேரமும் சரியாக இருக்கும்.

ஒன்பது மணி சுமாருக்குத் தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகள். நாகஸ்வரம் முடிந்து, புல்லாங்குழல்காரர்கள் சேர்ந்து பைரவியில் ‘சேதுலார’ வாசிப்பார்கள். அது காதில் விழுந்தால் புத்தகத்தைத் திறந்துகொள்ளுங்கள். நாட்டையில் ‘ஜகதானந்தகாரக’, கௌளையில் ‘துடுகுகல’, ஆரபியில் ‘ஸாதிஞ்செனே’, வராளியில் ‘கனகனருசிரா’, ஸ்ரீராகத்தில் ‘எந்தரோ மஹானுபாவுலு’. ஐந்தும் ஆதி தாளம். முதலாவது சம்ஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. வித்வான்கள் இரு பக்கமாக எதிரெதிரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் பந்தல் முழுக்க மக்கள். டிக்கெட் இல்லை, பாடத் தெரிந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடலாம்.

பாட்டுப் புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் எண் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். ‘ஜக³தா³னந்த³காரக’ என்று சின்ன எண் இருந்தால்தான் எந்தக் க, எந்தத் த என்பது தெரியும். எண் இல்லாத புத்தகத்தை வைத்துப் பாடினால் பக்கத்தில் இருப்பவரோடு வாய் ஒட்டாது. எல்லாப் பாட்டும் தெரிய வேண்டும் என்று இல்லை. முன்கூட்டியே ஒன்றைப் படிப்பதென்றால் ‘எந்தரோ’வைப் படியுங்கள். வராளியைக் குரு நேராக உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது நம்பிக்கை. கேட்டுத்தான் கற்க வேண்டும். அதனால் ‘கனகனருசிரா’வில் மட்டும் பந்தலின் பின்வரிசைகள் கொஞ்சம் தணிந்து முன்வரிசையைக் கேட்கும். அந்தத் தணிவும் கேட்கத்தக்கது.

கடைசி வரிசைகளில் ஸ்பீக்கரில் வரும் பாட்டும் நேரே வரும் பாட்டும் அரைக்கணம் விலகிக் கேட்கும். தாளம் தப்புவது அங்கேதான். முன்னால் இருக்கும் யாராவது ஒருவரின் கையைப் பார்த்துத் தாளம் போடுங்கள், காதை நம்பாதீர்கள்.

முடிந்ததும் கூட்டம் ஒரே வாசலில் மோதும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, சமாதியையும் அதற்கு எதிரே பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடத்தையும் பாருங்கள். தன் சொத்தை விற்று 1920-களில் இந்தச் சமாதிக் கோயிலை எழுப்பியவர். அவர் கட்டிய இடத்திலேயே பெண்கள் பாட முடியாதிருந்தது. தனியாக ஒரு கோஷ்டி சேர்த்து நடத்தி, 1940-களின் தொடக்கத்தில் ஆராதனையைத் தனித்தனியாக நடத்திவந்த எல்லாக் கட்சியும் ஒன்றானபோதுதான் அது தீர்ந்தது. இன்று பெண்கள் வரிசையில் எழும் குரல் அவர் வாங்கிக் கொடுத்தது.

பகலில் சாப்பிட்டுவிட்டு, பயத்தம்பருப்பில் செய்கிற அசோகா ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, மாலை வரை ஊரிலேயே இருங்கள். இரவு ரயிலுக்கு நேரம் இருக்கிறது. ஐந்தரைக்கு ஐயாறப்பர் கோயில். பிராகாரத்தில் தென்மேற்கில் ஓரிடத்தில் நின்று ‘ஐயாறா’ என்று கூப்பிட்டால் ஏழு முறை திரும்பி வரும் என்பது ஊர் வழக்கு. எண்ணிப் பாருங்கள். சாயரட்சை ஆரம்பித்ததும் உள்ளே போய்ச் சந்நிதிக்குப் பக்கவாட்டில் நின்றுகொள்ளுங்கள். அப்பர் இந்த ஊரில் பாடிய ‘மாதர்ப் பிறைக்கண்ணி யானை’ காந்தாரப் பண். நவரோஜ். பந்தல் கூட்டத்தில் பத்துப் பேர்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. ஓதுவார் பாடும்போது மைக் இருக்காது. கல் மண்டபமும் ஒரு குரலும்தான்.